நான் குடித்தது ஜூஸ்தான்

ராணிப்பேட்டையில், வெளிநாட்டுக்கு ஷூ அனுப்பும் ஒரு கம்பெனியில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறேன். சாம்பிள் பிரிவு என் பொறுப்பு. பையர், அதாவது ஷூவை வாங்கும் வெளிநாட்டு வியாபாரி, ஒரு படத்தை அனுப்பினால், அதற்கேற்ற தோல், லைனிங், நூல் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, முதல் ஜோடியைத் தைத்து அவர் கையில் கொடுப்பது வரை என் வேலை. வயது நாற்பத்து மூன்று. மகள் பிறந்தபோது படுத்ததைத் தவிர ஆஸ்பத்திரிக் கட்டிலை நான் அறிந்ததில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். வெள்ளைத் தோலில் வெட்டிய துண்டுகளை மேஜை மேல் பரப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேல் வயிற்றில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவது போல ஒரு வலி. வாயு என்று நினைத்தேன். காலையில் சரியாகச் சாப்பிடவில்லை, அதனால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அரை மணி நேரத்தில் வலி முதுகு வரை போய்விட்டது. நிமிர்ந்து நிற்க முடியவில்லை. குனிந்தால் கொஞ்சம் தேவலாம் போல இருந்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடியே நின்றேன்.

என்னோடு வேலை செய்யும் புஷ்பா பார்த்துவிட்டாள். "இன்னா மேடம், மூஞ்சியே செத்துப்போச்சு? வெறும் வயிறா? இருங்க வர்றேன்" என்று வெளியே ஓடி, எதிர்க்கடையில் பன்னீர் திராட்சை ஜூஸ் வாங்கி வந்தாள். தினமும் நான் குடிப்பதுதான். ஒரே மூச்சில் குடித்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அத்தனையும் வெளியே வந்து அந்த வெள்ளைத் தோல் மேல் விழுந்தது.

"ஐயோ, ரத்தம்!" என்று புஷ்பா அலறினாள்.

தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. முப்பது பெண்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். அது ரத்தம் இல்லை, திராட்சை என்று சொல்ல நினைத்தேன். வார்த்தை வரவில்லை. கம்பெனி காரை ஓட்டும் அன்வர் பாயும் புஷ்பாவும் சேர்ந்து என்னைத் தூக்கிக் காரில் போட்டது மட்டும் நினைவிருக்கிறது.

அந்த ஜூஸைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்துவிட்டதால் எங்கள் பக்கத்தில் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைப்பவர் யாருமில்லை. தண்ணீர் என்றாலே சந்தேகம். பழத்தின் மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை. என் கணவர் சாமுவேல், பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். காலையில் என்னை எழுப்புவதற்கு முன்பே சாத்துக்குடியோ மாதுளையோ பிழிந்து, பெரிய டம்ளரில் இரண்டு டம்ளர் மேஜையில் வைத்துவிடுவார். சர்க்கரை கெடுதல் என்று எங்கோ படித்துவிட்டு, ஒரு வருடமாகச் சர்க்கரைக்குப் பதில் தேன் ஊற்றினார். மதியம் வேலை ஜாஸ்தியாக இருந்தால் நான் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்க மாட்டேன். திராட்சை ஜூஸ் போதும். சாயங்காலம் பஸ் ஏறும் இடத்தில் இன்னொன்று. யாராவது டீ குடிக்கக் கூப்பிட்டால்கூட, "நான் ஜூஸ்தான்" என்று கொஞ்சம் பெருமையாகவே சொல்வேன்.

அந்தப் பெருமையைக் கிண்டல் செய்த ஒரே ஆள் மார்கோ. இத்தாலிக்காரர், எங்கள் பெரிய பையர், அறுபது வயதுக்கு மேல். வருடத்துக்கு இரண்டு முறை வருவார். வேலூரில் ஒரு ஓட்டலில் முதலாளி அவருக்கு விருந்து வைப்பார். சாம்பிள் பற்றிப் பேச நானும் போக வேண்டும். எல்லோர் கையிலும் வைன் இருக்கும். என் கையில் ஜூஸ். மார்கோ தன் கிளாஸைத் தூக்கிக் காட்டி ஆங்கிலத்தில் சொல்வார்: "கிரேஸ், உன் கையில் இருப்பது வெறும் சர்க்கரை. என் கையில் இருப்பது மருந்து. தினமும் ஒரே ஒரு கிளாஸ். இதயத்துக்கு நல்லது." மேஜையில் எல்லோரும் சிரிப்பார்கள். நான் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னால் சாமுவேலும் சிரிப்பார். "வைட்டமின் பழத்துல இருக்குதா, சாராயத்துல இருக்குதா? என் ஸ்கூல் பசங்கள கேளு, சொல்லுவானுங்க."

ராணிப்பேட்டையில் முதலில் போன சின்ன ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுத்தார்கள்; இதயம் சரியாக இருந்தது. ஊசி போட்டார்கள், வலி அசையவில்லை. ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் அங்கிருந்த டாக்டர் நேரத்தைக் கடத்தவில்லை. "கணையம் வீங்கியிருக்கு. இங்க வெச்சுக்க முடியாது. வேலூர் போய்டுங்க" என்று ஆம்புலன்சில் ஏற்றிவிட்டார்.

கணையம் என்ற உறுப்பு எனக்கும் இருக்கிறது என்பதையே அன்றுவரை நான் நினைத்துப் பார்த்ததில்லை. இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி, ஒரு சாண் நீளத்தில் படுத்திருக்கிறதாம். சோற்றைச் செரிக்க வைக்கும் நீரும், ரத்தத்தில் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலினும் அங்கேதான் சுரக்கின்றன. அது புண்பட்டு வீங்கினால், சோற்றைக் கரைக்க வேண்டிய அந்த நீர் கணையத்தையே கரைக்க ஆரம்பித்துவிடும். அதுதான் அந்த வலி.

வேலூர் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில், பச்சைத் திரைக்குள் என்னைப் படுக்க வைத்தார்கள். தலைமாட்டில் சாமுவேல் நின்றார். பள்ளிக்கூடத்திலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தார்; சட்டையில் சாக்பீஸ் தூள். கால்மாட்டில் என் மாமியார். ஒரு இளம் டாக்டர், கையில் தாளோடு வந்து கேள்விகளை வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனார்.

"ஆல்கஹால் எடுப்பீங்களா?"

எனக்கு முதலில் புரியவேயில்லை. "என்ன டாக்டர்?"

"குடிப்பீங்களா?"

"இல்ல."

"எப்பவாச்சும்? பார்ட்டி, ஃபங்ஷன்?"

"இல்ல டாக்டர்."

"இன்னா வேல பாக்கறீங்க?"

சொன்னேன். வெளிநாட்டுப் பையர், ஏற்றுமதி என்று காதில் விழுந்ததும் அவர் பேனா ஒரு நொடி நின்றது. குரலைத் தாழ்த்தினார். ஆனால் திரைக்குள் எல்லோருக்கும் கேட்டது. "வீட்டு ஆளுங்க இருக்காங்கன்னு மறைக்காதீங்கம்மா. உண்மைய சொன்னாத்தான் நாங்க சரியா பாக்க முடியும்."

பிறந்ததிலிருந்து ஒரு சொட்டு தொட்டதில்லை. என் வாயால் நான் இதை எப்படி நிரூபிப்பேன்?

கால்மாட்டிலிருந்து மாமியார்தான் பேசினார். திமிரி ஊர்க்காரர், குரல் எப்போதும் ஊருக்கே கேட்கும். "இன்னா கேக்கறீங்க டாக்டரு? என் மருமவளுக்கு அந்த நாத்தமே ஆவாது. கேக்கறதுக்கு வேற ஒண்ணும் கெடைக்கலியா?"

நான் சாமுவேலைப் பார்த்தேன். அவரும் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏன் என்று எனக்குத் தெரியும். அவருக்கு அருள் என்று ஒரு தம்பி இருந்தான். ஆறு வருடத்துக்கு முன்னால் அவனுக்கும் இதே கணையம்தான். இதே கேள்வியை எத்தனையோ டாக்டர்கள் அவனிடம் கேட்டார்கள். ஒவ்வொருவரிடமும் இல்லை என்றான். அம்மா தலையில் கை வைத்து இல்லை என்றான். முப்பத்து நாலு வயதில் போய்விட்டான். அடக்கம் முடிந்து வந்து ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கியபோது உள்ளே பாட்டில்கள் இருந்தன.

கணையம் வீங்குவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். பித்தப்பையில் கல், இல்லாவிட்டால் குடி. ஸ்கேனில் எனக்குக் கல் இல்லை. மிச்சம் இருந்தது ஒன்றுதான். அன்று சாயங்காலம் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு என்னைத் தள்ளிக்கொண்டு போகும்போது, சாமுவேல் என் கையைப் பிடித்திருந்தார். ஆனால் என் கண்ணைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை அந்தப் பிரிவின் பெரிய டாக்டர் வந்தார். சுமதி என்று பெயர்; ஐம்பது வயது இருக்கும், சத்தமில்லாமல் பேசுகிறவர். கையில் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய். சாமுவேலை உள்ளே வரச் சொல்லி, எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்படி வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது உங்க ரத்தம். நேத்து எடுத்தது. கொஞ்ச நேரம் வெச்சா சிவப்பு அணுக்கள் கீழ தங்கிடும். மேல எலுமிச்சம்பழ நிறத்துல தெளிவா தண்ணி நிக்கணும்."

குழாயின் அடியில் கொஞ்சம் சிவப்பு. அதற்கு மேலே நின்றது தண்ணீர் இல்லை. பால். கெட்டியான, வெள்ளைவெளேரென்ற பால். மேலே ஆடைகூடப் படிந்திருந்தது.

என் உடம்பில் ஓடுவது இதுவா? பார்த்த நொடியில் வலி மறந்துபோனது. சாமுவேல் குழாயை வாங்கி, சாய்த்து, மறுபடியும் நிமிர்த்திப் பார்த்தார். ஆய்வுக்கூடத்தில் எத்தனையோ குழாய்களைப் பிடித்த கை அது.

"இது கொழுப்பு" என்றார் டாக்டர். "ட்ரைகிளிசரைடுன்னு பேரு. நூத்தம்பதுக்குள்ள இருக்கணும். உங்களுக்கு மெஷின் முதல்ல நம்பரே காட்டல. ரத்தத்த கலக்கி நீர்த்துப்போக வெச்சு மறுபடி பாத்தோம். அஞ்சாயிரத்துக்கு மேல. இவ்ளோ கொழுப்பு ஓடினா கணையம் தாங்காது. கூடவே சுகர் முந்நூத்தி எண்பது. உங்களுக்கு சுகர் இருக்குன்னு தெரியுமா?"

"தெரியாது."

"தாகம் எடுக்குமா?"

"ரொம்ப. ஆறேழு மாசமா."

"தாகம் எடுத்தா இன்னா குடிப்பீங்க?"

சொன்னேன். காலையில் இரண்டு டம்ளர், மதியம் ஒன்று, சாயங்காலம் ஒன்று, வெயில் அதிகமென்றால் இன்னொன்று. சொல்லிக்கொண்டே வரும்போது டாக்டரின் முகத்தைப் பார்த்து என் குரல் தானாக இறங்கியது.

சாமுவேல் குறுக்கே பேசினார். "நான்தான் டாக்டர் புழிஞ்சு குடுப்பேன். சக்கர போடமாட்டேன். தேன்தான்."

டாக்டர் அவரைத் திட்டவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "சார், உங்க வீட்டம்மாவுக்குப் பொறப்புலயே கொழுப்பு ஏறுற வாகு இருந்திருக்கலாம். சுகரும் சத்தமில்லாம வந்திருக்கு. ஜூஸ் மட்டுமே காரணம்னு நான் சொல்லமாட்டேன். ஆனா எரியறதுல எண்ணெய் ஊத்தின மாதிரி ஆயிடுச்சு. சுகர் ஏறினதால தாகம். அந்தத் தாகத்துக்கு இவங்க குடிச்சது மறுபடியும் சுகர். உடம்பு அத்தனையையும் இன்னா பண்ணும்? கொழுப்பா மாத்தி ரத்தத்துல விடும்."

நான் ஆரோக்கியம் என்று நினைத்து ஒவ்வொரு டம்ளராக ஊற்றிக்கொண்டது அந்தக் குழாயில் பாலாக நின்றது.

சிகிச்சை என்று பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. இன்சுலினைச் சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏற்றினார்கள். அது சர்க்கரையோடு கொழுப்பையும் இறக்குமாம். மணிக்கு ஒருதரம் விரலில் குத்திப் பார்த்தார்கள். நரம்பு வழியாக பாட்டில் பாட்டிலாக நீர். வாய் வழியாக ஒன்றும் கிடையாது. கணையத்துக்கு ஓய்வு தர வேண்டுமாம். நான்கு நாள் ஒரு வாய் தண்ணீர் இல்லை. நாக்கு தோலாக ஆகிவிட்டது. சாம்பிள் மேஜையில் நான் தடவிப் பார்க்கும் தோலைப் போலவே, காய்ந்து, மடித்தால் உடைந்துவிடும்போல. மாமியார் பஞ்சை நனைத்து என் உதட்டில் ஒற்றுவார். ஒரு சொட்டு உள்ளே போய்விட்டால் நர்ஸ் திட்டுவாளோ என்று வாசலைப் பார்த்துக்கொண்டே ஒற்றுவார். வியர்வையில் சடை பிடித்த என் முடியை, வலிக்காமல், நுனியிலிருந்து சிக்கெடுத்துப் பின்னிவிட்டார். திருமணமாகிப் பதினெட்டு வருடத்தில் அவர் என் தலையைத் தொட்டது அப்போதுதான்.

நான்காம் நாள் கொழுப்பு ஐந்நூறுக்குக் கீழே இறங்கியது. சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள். ஐந்தாம் நாள் இரண்டு ஸ்பூன் தண்ணீர். அதற்கு ஒரு ருசி இருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பார்க்க வந்தவர்கள் எல்லோர் கையிலும் ஜூஸ் டப்பா. ஆஸ்பத்திரி என்றால் நம் ஜனங்களுக்குக் கை தானாக அதைத்தான் எடுக்கும். கம்பெனியிலிருந்து வந்தவர்கள், சபையிலிருந்து வந்தவர்கள், பக்கத்து வீட்டார். ஆரஞ்சு, மாம்பழம், கொய்யா. மாமியார் வாசலிலேயே மறித்தார். "உள்ள வாங்க. அத மட்டும் வெளிய வெச்சிட்டு வாங்க." எங்கள் சபைப் போதகரான ஐயர் கொண்டு வந்ததையும் விடவில்லை. அவர் ஒன்றும் புரியாமல் டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே ஜெபம் செய்துவிட்டுப் போனார்.

ஆறாம் நாள் அன்வர் பாய் வந்தார். மேல்விஷாரத்திலிருந்து பஸ் பிடித்து, தன் விடுமுறை நாளில். மாமியார் சாப்பிடக் கீழே போயிருந்தார். சாமுவேல் மருந்துக் கடை வரிசையில் நின்றிருந்தார். பாய் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார். ஏதோ சொல்ல வந்திருக்கிறார் என்று தெரிந்தது.

"இன்னா பாய்?"

"ஒண்ணுமில்ல மேடம். மனசு பேஜாரா கீது. சொல்லாம இருந்தா எனக்குத் தூக்கம் வராது." கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். "உங்கள இங்க சேத்த அன்னைக்கு சாயங்காலம் சார் எனக்கு போன் பண்ணாரு. பையருங்க விருந்துல மேடம் இன்னா குடிப்பாங்க, நீ கூட்டிட்டு வர்றப்ப வாசன வருமா, மறைக்காத பாய்னு கேட்டாரு."

தலையணையிலிருந்து தலையைத் தூக்கி அவரைப் பார்த்தேன்.

"நான் அல்லா மேல ஆணையா சொன்னேன் மேடம். பத்து வருஷமா கூட்டிட்டுப் போய்ட்டு வர்றேன். அவங்க ஜூஸத் தவிர ஒண்ணும் தொட்டதில்ல சார்னு. ரெண்டு வாட்டி கேட்டாரு. ரெண்டு வாட்டியும் சொன்னேன். அழுத மாதிரி இருந்துது. தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்குத் தெரியணும்னு தோணிச்சு."

பாய் போன பிறகு நான் கூரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அந்த டாக்டர் கேட்டது அதிர்ச்சிதான். ஆனால் அவர் யாரோ. அந்தக் குழாயும் அதிர்ச்சிதான். ஆனால் அது நோய். இது அப்படி இல்லை. நான் வலியில் முனகிக்கொண்டு கிடந்தபோது, என் கணவர் வராந்தாவில் நின்று கம்பெனி டிரைவரிடம் என் வாய் நாற்றத்தைப் பற்றி விசாரித்திருக்கிறார்.

சாமுவேல் மருந்துப் பையோடு வந்தார். நான் நேராகக் கேட்டேன்.

"அன்வர் பாய்க்கு போன் பண்ணீங்களா?"

அவர் மறுக்கவில்லை. பையைக் கட்டில் மேல் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"என்னையே கேட்டிருக்கலாமே" என்றேன்.

"கேட்டா நீ இல்லைன்னு சொல்லியிருப்ப." மருந்துச் சீட்டை மடித்துக்கொண்டே சொன்னார்: "அவனும் இல்லைன்னுதான் சொன்னான்."

பதினெட்டு வருடம் அவரோடு வாழ்ந்த என் சொல்லுக்கும், ஸ்கூட்டருக்குள் பாட்டில் வைத்திருந்தவன் சொல்லுக்கும் அவரிடம் ஒரே எடைதானா? நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. கஞ்சி கொடுத்தால் குடித்தேன். மாத்திரை கொடுத்தால் விழுங்கினேன். அவரும் கெஞ்சவில்லை. கழிவறைக்கு நடக்கும்போது என் தோளைத் தாங்கிப் பிடிப்பார். நான் பிடித்துக்கொள்வேன், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

எட்டாம் நாள் புஷ்பா வந்தாள். மார்கோ எனக்காக அனுப்பியிருந்த குரல் செய்தியைப் போனில் போட்டுக் காட்டினாள். சீக்கிரம் குணமாக வேண்டும் என்று அன்பாகத்தான் பேசியிருந்தார். கடைசியில் வழக்கமான சிரிப்பு: "நான் சொன்னேனே கிரேஸ். அந்தச் சர்க்கரைக்குப் பதில் என்னோடு ஒரு கிளாஸ் குடித்திருந்தால் இப்போது என் ஷூவைத் தைத்துக்கொண்டிருப்பாய்."

புஷ்பா சிரித்தாள். சாமுவேல் சிரிக்கவில்லை. அன்று டாக்டர் சுமதி பார்க்க வந்தபோது அவர் எழுந்து நின்று, வகுப்பில் பையன் கேட்பது போலக் கேட்டார்.

"டாக்டர், ஒரு சந்தேகம். தினம் ஒரு கிளாஸ் வைன் ஒடம்புக்கு நல்லதுன்னு சொல்றாங்களே. அப்ப என் ஜூஸுக்கு அதுவே பரவால்லையா? நான் புழிஞ்சு குடுக்காம, இவ அதக் குடிச்சிருந்தா, இங்க வந்திருக்கமாட்டாளா?"

என் மேல் சந்தேகப்பட்ட அந்த மனிதர்தான், நான் குடித்திருந்தால் நன்றாக இருந்திருக்குமோ என்று இப்போது கேட்கிறார். நான் திரும்பிப் பார்த்தேன்.

டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வந்திருப்பாங்க சார். ஒருவேள இன்னும் சீக்கிரமா. இவங்க ஒடம்பு வாகுக்கு வைனும் கொழுப்ப ஏத்தும். கணையத்துக்கு அது நேர் எதிரி."

"ஆனா நல்லதுன்னு..."

"அப்படி ஒரு பேச்சு ரொம்ப நாளா இருந்துது. நாங்களும் நம்பினோம். கொஞ்சமா குடிக்கறவங்களையும் குடிக்காதவங்களையும் வெச்சுப் பாத்தாங்க. கொஞ்சமா குடிக்கறவங்க நல்லா இருக்கற மாதிரி தெரிஞ்சுது. அப்புறம்தான் யோசிச்சாங்க. தினம் சாப்பாட்டோட ஒரே கிளாஸோட நிறுத்தறவன் பெரும்பாலும் வசதியானவன். நல்லா சாப்புடுவான், நடப்பான், டாக்டர பாப்பான். குடிக்காதவங்க பக்கத்துல, வியாதி வந்து குடிய விட்டவனும் ஒக்காந்திருப்பான். ரெண்டு பக்கமும் சமமா இல்ல. வைன் செஞ்சது எவ்ளோ, வசதி செஞ்சது எவ்ளோன்னு பிரிக்க முடியல. இப்ப யாரும் ஒடம்புக்காகக் குடின்னு சொல்றதில்ல."

"ஜூஸு?"

"நாலு சாத்துக்குடிய உரிச்சு ஒக்காந்து தின்னு பாருங்க. ரெண்டாவதுலயே போதும்னு ஆயிடும். புழிஞ்சா நாலும் ஒரு டம்ளர், ரெண்டு நிமிஷம். சக்கையோட போனா மெதுவா போகும். சக்கைய வடிகட்டில விட்டுட்டு நீங்க சக்கரைய மட்டும் குடுத்தீங்க. நல்லா இருக்கறவங்க எப்பவாச்சும் ஒரு சின்ன டம்ளர் குடிச்சா ஒண்ணும் ஆவாது. தண்ணிக்குப் பதிலா அதையே குடிக்கக் கூடாது." எழுந்தார். "எது நல்லதுன்னு யாராச்சும் சொன்னா, எதவிட நல்லதுன்னு கேளுங்க சார். தண்ணியோட வெச்சா ரெண்டுமே தோத்துரும்."

மாமியாருக்கு அதில் ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. "டாக்டரம்மா, கோயில்ல திருவிருந்துக்கு ஒரு மடக்கு வைன் குடுப்பாங்களே?"

டாக்டர் சுமதி முதல் முறையாகச் சிரித்தார். "உதட்ட நனைக்கற அளவுக்கு வாங்கிக்கட்டும். ஆண்டவர் அதுக்கு மேல கேக்கமாட்டாரு."

பதினோராம் நாள் வீட்டுக்கு வந்தேன். கொழுப்புக்கு ஒரு மாத்திரை, சர்க்கரைக்கு இரண்டு, எண்ணெய் கம்மி, இனிப்பு கிடையாது, மது ஆயுளுக்கும் கிடையாது. சாமுவேலையும் ரத்தம் பார்க்கச் சொல்லியிருந்தார் டாக்டர். எனக்குப் பிழியும்போதெல்லாம் தனக்கும் பிழிந்து குடித்தவர்தானே. அவருக்கும் சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது. அந்தத் தாளை என் ரிப்போர்ட்டோடு சேர்த்து ஒரே ஃபைலில் வைத்தார்.

பேச ஆரம்பித்திருந்தோம். ஆனால் பேச்சு எல்லாம் மருந்து, கரண்ட் பில், மகளின் பரீட்சை பற்றித்தான். அந்தப் போனைப் பற்றி இருவரும் வாயைத் திறக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து மார்கோ வந்தார். இந்த முறை மதிய விருந்து. போகலாமா என்று தயங்கினேன், போனேன். எனக்கு முன்னால் தண்ணீர் டம்ளர் இருப்பதைப் பார்த்து அவர் ஏதோ கிண்டலாகச் சொல்ல வாயெடுத்தார். நான் நடந்ததை முழுக்கச் சொன்னேன். பால் போன்ற ரத்தத்தை, டாக்டர் சொன்னதை, எல்லாவற்றையும். அவர் சிரிப்பு மெல்ல நின்றது. கிளாஸைக் கீழே வைத்தார். "போன வசந்தத்தில் என் டாக்டரும் இதை விடச் சொன்னான்" என்றார். "உங்களில் யாரிடமும் சொல்லவில்லை." அதற்குப் பிறகு அவர் ஷூவைப் பற்றி மட்டுமே பேசினார். கிளாஸில் பாதி அப்படியே இருந்தது.

ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்தேன். சாமுவேல்தான் கதவைத் திறந்தார். என் தோளில் இருந்த பையை வாங்க ஓர் அடி முன்னால் வந்தார். அவர் முகம் என் முகத்துக்குப் பக்கத்தில் வந்தது. பைக்காகத்தான் வந்தாரோ என்னவோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. எனக்குள் ஏதோ ஒன்று அறுந்துபோனது. வாயைத் திறந்து, அவர் முகத்துக்கு நேராக, பலமாக ஊதினேன்.

"பாத்துக்குங்க" என்றேன். "மீன் கொழம்பு வாசன வரும். வேற ஒண்ணும் வராது."

அவர் முகம் வெளுத்துப்போனது. பையைப் பிடித்தபடியே, செருப்புகள் கிடக்கும் இடத்தில், வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். நான் நின்றுகொண்டே இருந்தேன். அவர் அழுவார் என்றோ, கோபப்படுவார் என்றோ நினைத்தேன். அவர் மெதுவாகப் பேசினார்.

"அருள் இல்லைன்னு சொன்னப்ப நான் நம்பிட்டேன், கிரேஸ். அம்மா தலைல கை வெச்சு சொல்றான், இன்னா பொய்யா சொல்லுவான்னு. ஒருத்தருக்கும் போன் பண்ணல. அவன் தோஸ்துங்கள்ல ஒருத்தன கேட்டிருந்தா போதும், சொல்லியிருப்பான். டாக்டர்கிட்ட போய் சொல்லியிருக்கலாம். மானம் போயிடும்னு கேக்கல." பையின் பட்டையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். "உன்ன நம்பாம இல்ல. நம்பி ஒருத்தன குழிக்கு அனுப்பிட்டேன். உன்னையும் அப்படி அனுப்பிடுவேனோன்னு பயந்துட்டேன்."

தம்பி செத்து ஆறு வருடத்தில் அவர் வாயால் அருளின் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. அடக்கத்தன்றுகூட அழாத மனிதர், இப்போது முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, தோள் குலுங்க அழுதார்.

எனக்கு எல்லாம் ஆறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.